கறவையில் அமைந்த கல்வி

முன்னுரை

'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்' என்பது நம் சிற்றூர்களில் வழங்கும் பழமொழி. ஆளறிந்து நடத்தல் என்னும் பொருளிலேயே இதனை நாம் பெரிதும் எடுத்தாள்கிறோம். ஆயினும் இதனை முதலில் மொழிந்தவர் கறவைப் பாத்திரத்தைக் கையிலேந்தி மடியருகே அமர்ந்த ஒருவராகத்தான் இருந்திருத்தல் வேண்டும். தொழில் செய்த கை கண்டறிந்த உண்மை, பின்னர் வாழ்க்கைக்கே உரிய உண்மையாக உயர்ந்து நின்றமைக்கு இப்பழமொழி ஒரு சான்றாகும்.

அத்தகைய அறிவை ஏழு, எட்டு வயதிலேயே பெற்றுவிடும் சிறார் நம்மிடையே உள்ளனர். கடலூர், சிதம்பரம் வட்டாரத்துச் சிற்றூர்களில் வீட்டு வாயிலில் கட்டிய ஆட்டைக் காலையில் கறந்து வைத்துவிட்டுப் புத்தகப் பையைத் தூக்கிச் செல்லும் பிள்ளைகள் அவர்கள். அப்பிள்ளைகள் அக்கறவையில் எவற்றைக் கற்கின்றனர்? அக்கல்வியை நம் பள்ளிகள் எவ்வாறு மதிக்கின்றன? எந்த எல்லை வரை அது கல்வியாகும். எந்த எல்லைக்கப்பால் அது சுமையாகும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டாரமும் ஆடும்

முன்னைத் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிரிந்து தனி மாவட்டமானது கடலூர். பெண்ணையாறும் கெடிலமும் கடலூரை ஒட்டிக் கடலோடு கலக்கின்றன. சிதம்பரத்துக்கு வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் ஓடுகின்றன. கிழக்கே சவுக்குத் தோப்புகளும் உப்பங்கழிகளும் உடைய கடற்கரை. மேற்கே பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விளையும் செம்மண் நிலம். தெற்கே வீராணம் ஏரியின் நீரால் நெல் விளையும் நஞ்சை. இம்மூவகை நிலத்திலும் ஆடு உண்டு. ஆனால் அது மேயும் முறை நிலத்துக்கு நிலம் வேறுபடும். கடற்கரையில் சீமைக்கருவேல நெற்றும், செம்மண்ணில் புதர்த்தழையும், நஞ்சைப்பகுதியில் வரப்புப் புல்லும் அறுவடைக்குப் பிந்திய தாளும் அதற்கு உணவாகின்றன.

இவ்வட்டாரத்தில் வெள்ளாடு பாலுக்கென வளர்க்கப்படுவது அரிது. பெரும்பாலும் இறைச்சிக்காகவே வளர்க்கப்படுகிறது. ஹஜ்ஜுப் பெருநாளை முன்னிட்டும், ஊர்த் திருவிழாக்களை முன்னிட்டும், திருமணங்களை முன்னிட்டும் ஆடு விலை போகும். மருத்துவச் செலவும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் திடீரென வந்து நின்றால் ஏழைக் குடும்பம் முதலில் திரும்பிப் பார்ப்பது கொட்டிலைத்தான். ஆட்டை 'ஏழைகளின் பசு' என வழங்குவதன் பொருத்தம் இதுவே. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஏறத்தாழ 99 இலட்சம் வெள்ளாடுகள் இருந்தன. எனினும் இந்தியாவின் மொத்தப் பால் உற்பத்தியில் ஆட்டுப்பாலின் பங்கு நூற்றுக்கு மூன்று என்னும் அளவை ஒட்டியதே.

இச்செய்தி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. குட்டிகள் குடித்தது போக எஞ்சும் பாலே இவ்வீடுகளில் கறக்கப்படுகிறது. ஒரு வேளைக்கு ஓர் ஆழாக்கு அல்லது இரண்டு ஆழாக்கு கிடைக்கும். அது வீட்டாரின் தேநீருக்குப் போதுமானது. இச்சிறிய அளவு காரணமாகவே அப்பணி பெரியவர் கையிலிருந்து சிறுவர் கைக்கு வருகிறது. வருவாய்க்குரிய கறவையைப் பிள்ளையிடம் எவரும் ஒப்படைப்பதில்லை. தவறினும் பேரிழப்பு நேராத கறவையையே ஒப்படைப்பர். கற்பதற்கு இதனினும் ஏற்ற சூழல் வேறில்லை.

இலக்கியம் காட்டும் இளைய கறவையர்

ஆட்டுப்பாலோடு தமிழ் இலக்கியத்துக்குள்ள உறவு தொன்மையானது. கலித்தொகையின் முல்லைக்கலி ஆயரைக் கோவினத்தாயர், கோட்டினத்தாயர், புல்லினத்தாயர் என மூவகைப்படுத்தும். பசுவையும் எருமையையும் ஆட்டையும் முறையே காப்போர் இவர்கள். குறுந்தொகையின் 221ஆம் பாட்டில், மறிக்கூட்டத்தைத் தன் தோழரிடம் விட்டுவிட்டுப் பாலுடன் ஊருக்குள் வந்து, அதனைத் தந்து உணவு பெற்றுத் திரும்பும் ஆட்டிடையன் ஒருவனைக் காண்கிறோம். அவன் தலையில் சூடிய முல்லை அரும்புகளைக் கண்டே தலைவி கார்காலம் வந்ததென அறிகிறாள். நற்றிணையின் 142ஆம் பாட்டில் இடைக்காடனார், மழைநாளின் கடையாமத்தில் கோலின்மேல் ஒரு காலை வைத்து ஒடுங்கி நின்று, சீழ்க்கையால் தன் ஆடுகளைக் காக்கும் பால் விற்கும் இடையனைக் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகளோ, நெய்க்கு விலையாகப் பொன் கொள்ளாமல் எருமையும் நல்லாவும் பெற்றுக்கொள்கிறாள். பொன் ஈனாது, கறவை ஈனும் என்னும் கணக்கு அவளுக்குத் தெரியும்.

சொல்வளம் இன்னும் வியப்புக்குரியது. தொல்காப்பிய மரபியல் ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களையும், பெண்ணுக்கு மூடு, கடமை என இரு பெயர்களையும், இளமைக்கு மறி என்னும் பெயரையும் கூறுகிறது. நாம் இன்று 'ஆட்டுக்குட்டி' என ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 'செம்மறி' என்னும் பெயருக்குள் மட்டும் அப்பழஞ்சொல் ஒளிந்து வாழ்கிறது. ஆனால் ஆட்டோடு பழகும் சிறுவனிடம் கிடா, பெட்டை, சினையாடு, ஈன்றாடு, பால் வற்றிய ஆடு எனச் சொற்கள் இன்றும் பிரிந்தே நிற்கின்றன. பொருளை நுணுகிக் காண்பவனுக்கே சொல் நுணுகிப் பிரியும். கறவை கற்பிக்கும் முதற்பாடம் மொழிப்பாடம் எனலாம்.

அப்பாடத்தில் தாவரப் பெயர்களும் அடங்கும். அகத்தி, வேம்பு, பூவரசு, கல்யாண முருங்கை ஆகியவற்றை ஆடு விரும்பி உண்ணும். ஆடு தொடாத இலை ஆடாதோடை என்றும், ஆடு தீண்டாதது ஆடுதீண்டாப்பாளை என்றும் மக்கள் பெயர்க்காரணம் கூறுவர். மூலிகை நூலை விரித்துப் படிக்குமுன்னரே அப்பெயர்களின் பொருளைப் பிள்ளை தன் ஆட்டின் வாயிலிருந்து கற்றுக்கொள்கிறது.

கையும் மடியும்

கறத்தல் என்பது காம்பை இழுத்தல் என்றே புதிதாகக் காண்போர் எண்ணுவர். இழுத்தால் ஆடு உதைக்கும், பால் வாராது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கொண்டு காம்பின் மேற்புறத்தை முதலில் வளையமாக மூடுதல் வேண்டும். அதனால் காம்பினுள் இறங்கிய பால் மீண்டும் மடிக்கு ஏறாது. பின்னர் நடுவிரல், மோதிரவிரல், சிறுவிரல் என ஒன்றன்பின் ஒன்றாக மடக்கினால் பால் கீழ்நோக்கிப் பீய்ச்சும். பிறகு பிடியைத் தளர்த்தினால் காம்பு மீண்டும் நிறையும். பசுவுக்குக் காம்பு நான்கு, ஆட்டுக்கு இரண்டு. இரண்டு கைகளும் மாறி மாறி ஒரு தாளத்தில் இயங்க வேண்டும். எழுதுகோல் பிடிக்கத் தடுமாறும் விரல்கள் இவ்வொழுங்கில் பழகுங்கால், விரல்களைத் தனித்தனியே ஆளும் திறன் வளர்கிறது.

கைத்திறனோடு மனத்திறனும் சேர்ந்தே வளர்கிறது. ஆட்டின் மடியில் பாலின் பெரும்பகுதி கீழறையில் வந்து தங்கியிருக்கும். எஞ்சியது மேலேயுள்ள நுண்ணறைகளில் இருக்கும். குட்டி முட்டினாலோ, பழகிய கை மடியைத் தடவினாலோ ஆக்சிடோசின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து, அந்நுண்ணறைகளைச் சுருக்கிப் பாலை இறக்குகிறது. இதன் விளைவு சில நிமிடங்களே நிலைக்கும். அதற்குள் கறந்து முடித்தல் வேண்டும். ஆடு அஞ்சினால் அட்ரீனலின் சுரந்து அவ்விறக்கத்தைத் தடுக்கும். அடித்தால் பால் குறையும், அதட்டினாலும் குறையும், நாய் குரைத்தாலும் குறையும். இவ்வறிவியலைப் பிள்ளை பெயர் சொல்லி அறியாது. ஆயினும் அச்சமுள்ள இடத்தில் கொடை இல்லை என்பதை நாள்தோறும் தன் கிண்ணத்தின் அளவைக் கொண்டே அறிகிறது. வகுப்பறைக்கும் பொருந்தும் இவ்வுண்மையை ஆசிரியராகிய நாமும் அப்பிள்ளையிடமிருந்து கற்கலாம்.

சிறுவர் பெரும்பாலும் இருவராகவே கறப்பர். ஒருவர் ஆட்டின் கழுத்தைப் பிடித்துத் தழையைக் காட்டிக்கொண்டிருப்பார், மற்றவர் கறப்பார். தழை பிடிப்பவர் கவனம் சிதறினால் கறப்பவரின் பாத்திரம் கவிழும். ஒருவரின் பொறுப்பின்மை மற்றவரின் இழப்பாகும் என்னும் கூட்டுறவுப் பாடம் இங்கு நடைபெறுகிறது.

தூய்மையும் இதனோடு இணைந்ததே. நகத்தை வெட்டியிருத்தல் வேண்டும். கையையும் மடியையும் கழுவித் துடைத்தல் வேண்டும். முதலில் வரும் இரண்டு மூன்று பீய்ச்சலைத் தனிக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தல் வேண்டும். திரிதிரியாகவோ இரத்தம் கலந்தோ வந்தால் அது மடிநோயின் அறிகுறி, அப்பாலைப் பயன்படுத்தலாகாது, கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடித்தலும் ஆகாது. புரூசெல்லா போன்ற கிருமிகள் காய்ச்சாத பாலின் வழியே மாந்தரைப் பற்றும். ஆட்டுப்பாலில் ஃபோலேட் என்னும் சத்துக் குறைவாதலின், ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக அதனைக் கொடுப்பது இரத்தசோகைக்கு வழிவகுக்கும். 'பால்தானே' எனக் கருதும் தாய்மார்க்கு இதனை எடுத்துரைப்பது படித்தோர் கடமையாகும்.

அளவும் காலமும்

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. நம் முன்னோரின் முகத்தலளவை இவ்வாறு இரட்டித்துச் செல்வது. இன்று மெட்ரிக் அளவையே சட்டப்படி வழங்கினாலும், வீட்டுப் பாத்திரத்தில் ஆழாக்கு இன்னும் மறையவில்லை. இன்று ஓர் ஆழாக்கு, நேற்று ஒன்றரை, ஏன் குறைந்தது எனப் பிள்ளை எண்ணிப் பார்க்கிறது. தீவனம் மாறியதா, மழையில் நனைந்ததா, குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இரவே குடித்துவிட்டதா என ஆராய்கிறது. அளத்தல், ஒப்பிடுதல், காரணம் தேடுதல் ஆகிய மூன்றும் அறிவியலின் அடிப்படைகள். இவை மூன்றும் ஒரு சிறு கிண்ணத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

காலக் கணக்கும் அவ்வாறே. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஆடியில் சினைப்பட்ட ஆடு மார்கழியில் ஈனும். வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் மார்கழிப் பனியும் சேர்ந்த காலம் அது. அக்காலத்துப் பிறக்கும் குட்டிக்குக் காய்ந்த இடமும் வெதுவெதுப்பும் வேண்டும். ஈரத்தில் நின்றால் பெரிய ஆட்டுக்கும் குளம்பு அழுகும். இவையனைத்தையும் ஐந்து திங்களுக்கு முன்னரே எண்ணிப் பார்க்கும் பழக்கம் சிறுவருக்கு வாய்க்கிறது. நாளை நேர்வதை இன்றே கருதுதல் என்னும் முன்னறிவு எழுத்துத் தேர்வால் எளிதில் வாய்ப்பதன்று.

குட்டியின் பங்கு

இதுகாறும் கூறியவை அறிவும் திறனும் பற்றியவை. இனிக் கூறவிருப்பது அறம் பற்றியது. நம் கருத்தில் கறவைக் கல்வியின் உயிர்நிலை இதுவே.

மடியிலுள்ள பால் மாந்தருக்கென ஊறியதன்று; குட்டிக்கென ஊறியது. ஈன்றவுடன் சுரக்கும் சீம்பால் முழுமையும் குட்டிக்கே உரியது. பிறந்த சில மணி நேரத்துக்குள் அதனைக் குடித்தால்தான் நோயெதிர்ப்பு ஆற்றல் குட்டியின் உடலிற் சேரும். அதன் பின்னரும் குட்டிக்கு விட்டு எஞ்சியதையே நாம் கொள்கிறோம். ஆடு மூன்று குட்டி ஈன்றால் சிக்கல் எழுகிறது. காம்பு இரண்டு, வாய் மூன்று. வலிய குட்டிகள் இரண்டும் முட்டிக் குடிக்க, மெலிந்தது ஓரத்தில் நின்று கத்தும். அப்பொழுது அம்மெலிந்த குட்டியைத் தூக்கிவந்து காம்பில் சேர்ப்பது வீட்டுப் பிள்ளையின் வேலை. அன்று அவ்வீட்டில் தேநீருக்குப் பால் இராது. வலியது முந்திக்கொள்ளும் உலகில் மெலியதற்கு இடம் செய்து கொடுத்தல் என்னும் நீதியைத் தன் தேநீரை இழந்து அப்பிள்ளை கற்கிறது.

'எவ்வளவு கறக்கலாம்' என்பதைவிட 'எவ்வளவு விட்டுவைக்க வேண்டும்' என்பதே கறவையாளர் முதலில் கற்க வேண்டியது. மடியை ஒட்டக் கறப்பவன் இன்று ஓர் ஆழாக்கு மிகுதியாகப் பெறுவான். திங்கள் சில கழிந்தபின் மெலிந்த குட்டியைக் குறைந்த விலைக்கு விற்பான். இயற்கை வளம் அனைத்துக்கும் பொருந்தும் இவ்வளவறிதலை, ஆற்றுமணலையும் நிலத்தடி நீரையும் ஒட்டக் கறந்துவிட்ட நாம் இன்று மிகுதியும் எண்ணிப் பார்த்தல் தகும்.

வெள்ளாற்றின் இரு மருங்கும்

இவ்வறத்தைப் பாடிய இரு பெருங்காப்பியங்கள் இவ்வட்டாரத்தோடு தொடர்புடையன என்பது நமக்குப் பெருமை தருவதாகும். வெள்ளாற்றின் தென்புறத்தில் உள்ள தில்லையின் ஆயிரக்கால் மண்டபத்தில் சேக்கிழாரின் பெரியபுராணம் அரங்கேறியதென்பர். வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்து வடகரையில் உள்ளது பரங்கிப்பேட்டை. வள்ளல் சீதக்காதியின் மறைவுக்குப் பின் உமறுப்புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் வெளிவரத் துணைநின்ற அபுல் காசிம் மரைக்காயர் அவ்வூரினர் என்று வரலாறு கூறும்.

பெரியபுராணத்தில் சண்டேசுரரின் இளமைப் பகுதியைக் காண்போம். சேய்ஞலூர்ச் சிறுவர் விசாரசருமர், முட்ட வந்த பசுவைக் கோலால் அடித்த ஆயனைத் தடுத்து, 'இனி இவற்றை நானே மேய்ப்பேன்' என ஏற்றுக்கொள்கிறார். அவர் பரிவோடு மேய்த்த பசுக்கள் முன்னினும் மிகுதியாகப் பால் சுரந்தன என்கிறார் சேக்கிழார். அடிக்கும் கோலுக்குச் சுரக்காத மடி அன்பான கைக்குச் சுரந்தது. மேலே நாம் கண்ட உடலியல் உண்மையோடு இது முற்றும் பொருந்துவது காண்க.

சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' ஒன்று உண்டு. வேடனிடம் அகப்பட்ட பிணைமான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடுக்குமாறு வேண்டுகிறது. அதன் பொருட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே பிணையாக நிற்கிறார்கள். கன்றின் பால்உரிமைக்கு ஒரு பெருமகனார் பிணை நின்ற காட்சி அது. மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சென்ற 622ஆம் ஆண்டுப் பயணத்தில் நிகழ்ந்த உம்மு மஃபதின் ஆட்டு நிகழ்ச்சியும் இங்கு நினைக்கத்தக்கது. மந்தையோடு செல்லவும் இயலாது மெலிந்து கிடந்த ஆட்டைக் கறக்க நபிகளார் முதலில் அம்மூதாட்டியின் இசைவைக் கேட்டார்கள். கறந்த பாலை முதலில் அவருக்கும், பின்னர் உடன்வந்தோர்க்கும் அளித்துத் தாம் இறுதியில் அருந்தினார்கள் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். இசைவு கேட்டல், உடையவர்க்கு முதலில் தருதல், தான் இறுதியில் கொள்ளுதல் என்னும் மூன்றும் கறவையின் ஒழுக்கநெறிகள்.

சிறுவர்க்கு இன்னும் நெருக்கமானது அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் இளமை வரலாறு. மக்காவில் பிறர் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்த இளைஞர் அவர். வழிவந்த நபிகளாரும் அபூபக்கர் (ரலி) அவர்களும் பால் கிடைக்குமா எனக் கேட்டபொழுது, பால் உண்டெனினும் தாம் நம்பி ஒப்படைக்கப்பட்டவர் என்று கூறி மறுத்துவிட்டார். பார்ப்பார் எவருமில்லாத மேய்ச்சல் வெளியில் அமானிதத்தைக் காத்த அவ்விளைஞரே பிற்காலத்தில் திருக்குர்ஆனைக் கற்பிப்போருள் தலைசிறந்தவராக விளங்கினார். விற்பனைக்கு முன் ஆட்டை நாள் சில கறவாது கட்டிவைத்து மடியைப் பருக்கக் காட்டும் வஞ்சகத்தையும் நபிமொழி விலக்கியது. ஏமாந்து வாங்கியவர் ஆட்டைத் திருப்பித் தரும் உரிமையையும் வழங்கியது. கறந்து பழகிய பிள்ளைக்கு அவ்வஞ்சகம் கண்ட அளவில் விளங்கும். அதனைச் செய்யாதிருத்தலே அதற்குரிய தேர்வு.

கல்வியாளர் கண்ட வழி

கையால் செய்து கற்றலைக் கல்வியின் நடுவே வைத்தல் வேண்டும் என்னும் கருத்து நம் நாட்டுக்குப் புதியதன்று. 1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு, டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. தாய்மொழி வாயிலாக, ஏழாண்டுக் காலம், பயன்தரும் ஒரு கைத்தொழிலை மையமாக்கிக் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டத்தை அக்குழு வகுத்தது. பசும்பாலும் எருமைப்பாலும் உண்பதில்லை என நோன்பு கொண்டிருந்த காந்தியடிகள், நோயுற்று மெலிந்த 1919ஆம் ஆண்டில் ஆட்டுப்பாலை ஏற்றார் என்பதும் நாம் அறிந்ததே. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும் குழந்தையின் கை வழியே அறிவு வளர்கிறது என்னும் கொள்கையினர்.

எனினும் இக்கருத்தை நாம் கண்ணை மூடிக்கொண்டு போற்றுதல் ஆகாது. 1953ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பள்ளி நேரம் குறைக்கப்பட்டு எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்பது எனக் கூறப்பட்டது. 'குலக்கல்வி' எனக் கடும் எதிர்ப்புக்கு உள்ளான அத்திட்டம் 1954இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு நியாயமானது. ஆடு கறத்தலில் கல்வி உண்டு என்பது உண்மை. ஆட்டுக்காரர் மகன் ஆட்டோடு நின்றுவிட வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படும் முடிபன்று. அக்கல்வி நல்லதெனின் அது எல்லார் பிள்ளைகளுக்கும் நல்லது. ஒரு சாராருக்கு மட்டும் விதிக்கப்படுமாயின் அது விலங்காகிவிடும்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனைக் கண்டு பள்ளிக்குச் செல்லாத காரணத்தைக் காமராசர் வினவியதாகவும், 'பள்ளிக்குப் போனால் சோறு யார் தருவார்' என அச்சிறுவன் கேட்டதாகவும் ஒரு செய்தி நாட்டில் வழங்குகிறது. பள்ளி மதிய உணவுத் திட்டம் 1956இல் விரிந்து பரவியதன் பின்னணியில் அவ்வினாவை மக்கள் வைத்துப் பேசுவர். அச்சிறுவனுக்கு ஆட்டைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. ஆயினும் அவனுக்குச் சோறும் எழுத்தும் தேவைப்பட்டன.

சுமையாகும் எல்லை

இவ்வுண்மையின் கொடிய பக்கத்தையும் மறைத்தல் கூடாது. சம்பா அறுவடைக்குப் பின் காவிரிப் படுகையின் வயல்களில், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வரும் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவது நெடுநாள் வழக்கம். கிடையின் எரு நிலத்துக்கு வளமாகும். ஆனால் கடன்பட்ட பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளைச் சிறு தொகைக்கு ஆட்டுக்கிடையில் அடகுபோல் விட்டுவிடும் கொடுமையும் உண்டு. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலுக்குப் பின் தஞ்சைப் பகுதியில் அவ்வாறு விடப்பட்ட சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்திகள் வெளிவந்தன. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட ஒன்று. 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துதல் குற்றம். பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் தம் குடும்பத்துக்கு உதவலாம் என்பதே 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விட்டுவைத்த இடம். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' புதினம் பண்ணையத்தில் விடப்பட்ட ஆட்டுக்காரச் சிறுவரின் வாழ்வையும், சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' கிடையோரின் வாழ்வையும் கூறுகின்றன. மாணவர் இவற்றைக் கற்றல் நலம்.

எனவே எல்லைக்கோடு தெளிவானது. தன் வீட்டு ஆட்டை அரை நாழிகை கறந்து, தான் கறந்ததில் தானும் பருகி, மணி அடிக்கும்பொழுது பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குக் கறவை கல்வியாகும். பிறர் ஆட்டின் பின்னே பகல் முழுதும் நடந்து, பெற்றோர் முகம் காணாது, எழுத்து மறந்து நிற்கும் பிள்ளைக்கு அது சிறையாகும்.

பள்ளி செய்யத்தக்கன

2011ஆம் ஆண்டு தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆடு வளர்ப்பைப் பரம்பரையாக அறியாத வீடுகளிலும் அதனால் ஆடு புகுந்தது. ஆதலின் இவ்வறிவு ஒரு குலத்துக்கு மட்டும் உரியது என்னும் எண்ணம் தளர்ந்து வருகிறது. இவ்வாய்ப்பைப் பள்ளிகள் பயன்படுத்துதல் வேண்டும்.

பாலூட்டிகள் என்னும் பாடத்தைப் படத்தைக் காட்டி நடத்தும் ஆசிரியர், குட்டி ஈனுவதை நேரில் கண்ட பிள்ளை அவ்வகுப்பின் கடைசி வரிசையில் வாய்மூடி அமர்ந்திருப்பதை அறியாமற் போகலாம். வீட்டில் ஆடு இருப்பதைச் சொன்னால் பிறர் நகைப்பர் என அப்பிள்ளை அஞ்சுகிறது. ஆசிரியர் அப்பிள்ளையை அழைத்து, 'எங்களுக்குச் சொல்' எனக் கேட்டுவிட்டால் அவ்வச்சம் அன்றே நீங்கும். ஒரு வாரப் பாலின் அளவை மில்லி லிட்டரிலும் ஆழாக்கிலும் எழுதிவரச் சொன்னால் கணக்குப் பாடமாகும். ஆடு தின்னும் தழைகளையும் தின்னாத தழைகளையும் பட்டியலிடச் சொன்னால் தாவரப் பாடமாகும். ஆட்டைப் பற்றி வீட்டிலுள்ள மூத்தோர் வழங்கும் சொற்களைத் திரட்டிவரச் சொன்னால் தமிழ்ப்பாடமாகும்.

தமிழ்த்துறை மாணவர்க்கும் இதில் பணி உண்டு. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, கிள்ளை, காட்டுமன்னார்கோயில் போன்ற ஊர்ப்புறங்களில் ஆடு வளர்ப்போர் வழங்கும் சொற்களையும் பழமொழிகளையும் அவர்கள் விடுமுறை நாட்களில் தொகுக்கலாம். சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். கடனால் பிள்ளையைக் கிடைக்கு அனுப்ப நினைக்கும் குடும்பம் நம் ஊரில் இருக்குமாயின், பள்ளிவாசலும் கோயிலும் ஊர்ச் சங்கமும் முந்திச் சென்று அக்கடனைத் தீர்த்தல் வேண்டும். ஆட்டைத் தானமாகக் கொடுப்போர் அதனைக் கறக்கும் பிள்ளையின் படிப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்வார்களாயின் அக்கொடை முழுமை பெறும்.

முடிவுரை

ஆடு கறக்கும் சிறுபிள்ளை சொல்லின் நுட்பத்தையும், விரலின் ஒழுங்கையும், அளவின் கணக்கையும், காலத்தின் முன்னறிவையும் கற்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பிறவுயிரின் பங்கை விட்டுவைத்துத் தன் பங்கை எடுத்தல் என்னும் அறத்தைக் கற்கிறது. இக்கல்வி பள்ளிக்கு மாற்றாகாது. பள்ளியும் இக்கல்விக்கு மாற்றாகாது. இரண்டையும் பெறும் பிள்ளையே முழுமையான கல்வி பெற்றதாகும். காலையில் கறந்த கையோடு வகுப்புக்கு வரும் பிள்ளையின் மேல் ஆட்டின் மணம் வீசுமாயின், அம்மணத்தைக் கண்டு முகம் சுளிக்காத ஆசிரியரும் உடன்மாணவரும் அதற்கு வாய்த்தல் வேண்டும். இம்மலரைப் படிக்கும் மாணவர் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றனர். அவர்கள் அவ்வாறு விளங்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.